இயல் 7: கடையில் தெரியும் படம்

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஒரு விளையாட்டை ஏற்றப் போனால் ஒரே அட்டைப்படத்தைப் பல அளவுகளில் கேட்பார்கள். விளையாட்டை வாங்கியவரின் நூலகத்தில் நிற்கும் நெடும்படம் 600-க்கு 900 பிக்சல். தேடல் பட்டியலுக்கான சிறுபடத்தைக் கடையே மேலும் சுருக்கி, கடைசியில் 120-க்கு 45 பிக்சலுக்குக் கொண்டுவந்துவிடும். பெருக்கிப் பாருங்கள்: முன்னதில் 540,000 புள்ளிகள், பின்னதில் 5,400. சரியாக நூறில் ஒரு பங்கு. ஓவியர் நாட்கணக்கில் உட்கார்ந்து இழைப்பது பெரிய படத்தை. இன்னும் காசு கொடுக்காதவர் முதலில் காண்பது சிறிய படத்தை. சொந்தமாக விளையாட்டு செய்பவர்கள் அட்டைப்படத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த நூறு மடங்கை மறப்பதால் வருபவை. 5,400 புள்ளிக்குள் ஒரு செய்திக்குத்தான் இடம் இருக்கிறது. அந்தச் செய்தி ஊரின் அழகாகவோ கதையின் ஆழமாகவோ ஓவியரின் கைத்திறனாகவோ இருக்கக்கூடாது, விளையாடுபவரின் கைகள் இதில் என்ன செய்யப்போகின்றன என்பதாகவே இருக்கவேண்டும் என்பதுதான் இந்த இயலின் வாதம்.

அவ்வளவு சிறிய படத்தை யார் நின்று பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் நிற்பதில்லை, சிக்கலே அதுதான். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2014இல் தன் பார்வையாளர்களை ஆராய்ந்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டது. எதைப் பார்ப்பது என்று தேடுகிறவரின் கவனத்தில் 82 சதவீதத்துக்கு மேல் படத்தின் மீதே இருந்தது. ஒரு தலைப்புக்குக் கொடுத்த நேரம் சராசரியாக 1.8 விநாடி. அது சினிமாவும் தொடர்களும் பற்றிய கணக்கு. விளையாட்டு வாங்குகிறவர் சில டாலர்களைத் தனியே எடுத்து வைக்கவேண்டியவர் என்பதால் இன்னும் கொஞ்சம் நிதானிப்பார் என்று வாதிடலாம். விளையாட்டின் பக்கத்துக்குள் வந்த பிறகு நிதானிப்பார்தான். பட்டியலில் உருட்டிக்கொண்டு போகும்போது நிதானிக்க அவருக்குக் காரணம் இல்லை. 2024ஆம் ஆண்டு மட்டும் ஸ்டீமில் 18,000-க்கும் அதிகமான புதிய விளையாட்டுகள் வந்தன. 2017இல் வந்த நடைமுறைப்படி 100 டாலர் கட்டினால் எவரும் கடை விரிக்கலாம். திருகோணமலையில் ஓர் அறையில் உட்கார்ந்து விளையாட்டு செய்பவருக்குக் கதவைத் திறந்துவிட்டது அந்த 100 டாலர்தான். அவரைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டதும் அதுவே.

சிறிய பரப்பில் படம் வைத்து விற்பது நமக்குப் புதிய வேலை அல்ல. 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் எப்படி வளர்ந்தது என்பது தெரிந்த கதை. அந்தப் பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகளைச் சேகரிப்பாளர்களின் தொகுப்புகளில் இன்றும் பார்க்கலாம். ஒரு விலங்கு, அல்லது ஒரு பழம், அல்லது ஒரு கருவி. பின்னால் ஒற்றை நிறம். சுற்றிலும் தடித்த கரை. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கமுடிந்தது. அந்தச் சீட்டை வரைந்தவர்களிடம் இன்றைய விளையாட்டு ஓவியர் கற்கவேண்டியது அவர்களுடைய பாணியை அல்ல. கடை விளம்பரத்தில் பழம்பாணி அலங்காரம் இப்போது சலித்துப்போகும் அளவுக்கு வந்துவிட்டது. எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததே, அதுதான் கற்கவேண்டியது.

இனி ஓர் ஊரை எடுத்து வேலை செய்து பார்க்கலாம். திருகோணமலையிலிருந்து வடக்கே, புல்மோட்டை போகும் வழியில், குச்சவெளிப் பிரதேசத்தில் இருக்கிறது திரியாய். கடல், களப்பு, குளம், வயல், காடு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள தமிழ்க் கிராமம். திரியாயைக் களமாக வைத்து ஒருவர் விளையாட்டு செய்தால் அட்டைப்படத்தில் எதைப் போடத் தோன்றும்? குன்றின் மேல் கல்தூண்கள் வட்டமாய்ச் சூழ நிற்கும் பழைய தாதுகோபத்தைத்தான். கிரிஹண்டு சேயா என்று அழைக்கப்படும் அந்த இடத்தில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறித்த சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. அது கடல் வணிகர் இருவரின் பெயரைச் சொல்வது. படத்துக்கு ஏற்ற காட்சி. வானத்தைச் சிவக்க வைத்தால் எவரும் மயங்குவார். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர் தன் கைக்கு என்ன வேலை என்று எப்படி அறிவார்? புதிர் அவிழ்ப்பதா, சண்டையா, சும்மா நடந்து திரிவதா? 120 பிக்சலில் தூண்கள் சீப்பின் பற்களாகிவிடும் என்பது தனிக்கதை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் இடங்களுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்ட பிறகு, இந்தப் பக்கத்தில் எந்த இடிபாட்டின் படமும் வெறும் காட்சியாக நிற்பதில்லை. இந்த நிலம் யாருடையது என்ற வழக்கில் ஒரு வாக்குமூலமாகவே அது வாசிக்கப்படும். அந்த வழக்கைப் பேசுவதுதான் உங்கள் விளையாட்டு என்றால் துணிந்து போடுங்கள். அழகுக்காக மட்டும் போட்டால், பேச நினைக்காததை எல்லாம் அட்டைப்படம் பேசிக்கொண்டிருக்கும்.

மாறாக, விளையாட்டின் வேலையிலிருந்து தொடங்கலாம். கற்பனையாக ஒன்றை வைத்துக்கொள்வோம்: பெரும்போக நெல் முற்றிய நாட்களில், இரவில் பரணில் இருந்து யானையிடமிருந்து வயலைக் காப்பது. குச்சவெளிப் பக்கத்து விவசாயிக்கு இது கற்பனையே அல்ல. யானை வெடியும் டோர்ச்சும் விடியும்வரை விழித்த கண்களுமாகக் கழியும் இரவுகள் அவை. இங்கே செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: காப்பது. ஆனால் அதே வேலையை மூன்று வெவ்வேறு விதமாக வரையலாம், மூன்றும் மூன்று விளையாட்டுகளை விற்கும். தரைமட்டத்திலிருந்து பார்த்து, முன்னே கரிய மலையாக யானையின் தலை, அதன் பின்னால் எங்கோ பரணில் ஒரு பொட்டு வெளிச்சம் என்று வரைந்தால் அது திகில் விளையாட்டு. பயப்பட விரும்புகிறவர் கிளிக் செய்வார். மேலிருந்து பார்த்து, வரப்புகள் கட்டம் பிரிக்க, நடுவே பரண், நான்கு பக்கமும் யானைத் தடங்கள் என்று வரைந்தால் அது வியூக விளையாட்டு. கணக்குப் போட்டு ஆடுகிறவர் வருவார். பரணில் காவல்காரர் வாயைத் திறந்தபடி உறங்க, கீழிருந்து ஒரு தும்பிக்கை அவருடைய சாப்பாட்டுப் பொதியை மெல்ல இழுக்கிறது என்று வரைந்தால் அது சிரிப்பு விளையாட்டு. ஊர் ஒன்று, பொருட்கள் அவையே, ஓவியரும் ஒருவரே. வரும் ஆட்கள் மட்டும் வேறு வேறு. உங்கள் விளையாட்டு மூன்றில் எது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் ஓவியரைத் தேட இன்னும் காலம் வரவில்லை. மூன்றையும் கலந்து ஒரே படத்தில் திணிக்கும் ஆசை வரும். யானை பயமுறுத்தவும் வேண்டும், வரப்பும் தெரியவேண்டும், காவல்காரர் வேடிக்கையாகவும் இருக்கவேண்டும் என்று கேட்டால் ஓவியர் வரைந்துதான் கொடுப்பார், காசு உங்களுடையது.

வேலையை மட்டும் காட்டினால் ஊர் காணாமல் போய்விடாதா, பிறகு எதற்குத் திரியாய் என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் ஊர் படத்துக்குள் வர ஒரு குன்றும் பெயர்ப்பலகையும்தான் வழி என்பதில்லை, செய்யும் வேலையின் வழியாகவும் வரும். கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் கனடாவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தலைப்பின் பொருள் தமிழ் அறியாதவருக்குத் துளியும் விளங்காது. ஆனாலும் விளையாடுபவரின் கைகள் செய்வது சமையல்: இட்லி அவிப்பது, சிதைந்த சமையல் குறிப்பைக் கூட்டி வாசித்து அடுக்கைச் சரிசெய்வது. அந்த வேலையே அதன் விளம்பரங்களிலும் முன்னே நின்றது. தமிழ்ப் பண்பாட்டைப் பற்றிய விளையாட்டு என்று யாரும் பக்கம் பக்கமாக விளக்கவேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. இதை அட்டைப்படத்தின் வெற்றி என்று சொல்லமுடியாது. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் என்ற சந்தாச் சேவையில் முதல் நாளே இடம்பெற்றது உட்பட வேறு கைகளும் அதைத் தூக்கிவிட்டன. ஆனால் பண்பாடும் செயலும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல என்பதற்கு அது போதிய சான்று. பரணின் கட்டு, பனைமரத்தின் நிழலுரு, காவல்காரரின் சாரமும் தலைப்பாகையும் சரியாக இருந்தால் திரியாய்க்காரர் பார்த்ததும் தெரிந்துகொள்வார். மற்றவருக்கு ஊரின் பெயர் பிறகு தெரிந்தால் போதும்.

இரண்டாவது எதிர்வாதம் சற்று வயதானது: அட்டைப்படம் என்றைக்கு உண்மை சொன்னது? 1977இல் வந்த அட்டாரி கருவியின் விளையாட்டுப் பெட்டிகளில் விமானங்களும் வீரர்களும் தைலவண்ண ஓவியம்போலச் சீறினார்கள். திரையிலோ நாலைந்து சதுரங்கள் நகர்ந்தன. அப்படி இருந்தும் விற்றதே என்பார்கள். விற்றது உண்மை. ஆனால் அன்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் திரையைப் பார்க்கமுடிந்தது. இன்று அட்டைப்படத்துக்குக் கீழேயே காணொளியும் திரைக்காட்சிகளும் இருக்கின்றன. அதையும் தாண்டி ஏமாந்தவருக்கு, வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், ஸ்டீம் 2015இலிருந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. போகிற போக்கில் அவர் ஒரு கண்டன விமர்சனமும் எழுதிவிட்டுப் போவார். சிரிப்பு விளையாட்டுக்குத் திகில் படம் போட்டால் வந்தவர்கள் திரும்பிப் போவதோடு, வந்திருக்கவேண்டியவர்கள் வராமலே போகிறார்கள். இந்த இரண்டாவது இழப்பு எந்தக் கணக்கிலும் தெரியாது என்பதால் அதுவே பெரியது என்று நான் நினைக்கிறேன்.

கலைப் பக்கத்திலிருந்து வரும் எதிர்வாதம் ‘ஐகோ’வைக் காட்டும். 2001இல் வந்த அந்த விளையாட்டுக்கு அதை உருவாக்கிய ஃபுமிட்டோ உவேடாவே, ஓவியர் ஜார்ஜோ தெ கிரிக்கோவின் சாயலில் ஒரு படம் வரைந்தார். பெரிய கல் கட்டடங்கள், நீளும் நிழல்கள், நடுவே கைகோர்த்து ஓடும் இரு சிறு உருவங்கள். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அது அட்டையாயிற்று. முந்தி வெளிவந்த வட அமெரிக்கப் பதிப்புக்கு வேறு படம். அதை விகாரமான அட்டைகளின் வரிசையில் வைத்துச் சிரிப்பவர்கள் இன்றும் உண்டு. அங்கே விற்பனை மந்தமானதற்கு அதையே காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. காரணத்தை உறுதியாக நிறுவ வழியில்லை. ஆனால் உவேடாவின் படத்தை 120 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள், அந்த இரண்டு உருவங்களும் தூசாகிவிடும். அது கையில் எடுத்துப் பார்க்கும் பெட்டிக்கான மகத்தான படம். நம் கடையில் பெட்டி இல்லை. ‘அமங் அஸ்’ 2018இல் வந்து இரண்டு ஆண்டு யாரும் சீண்டாமல் கிடந்து, 2020இல் நேரலை விளையாட்டுக்காரர்கள் தொட்டதும் உலகம் முழுக்கப் பரவியதே, அட்டைப்படமா அதைத் தூக்கியது என்றும் கேட்பார்கள். இல்லைதான். அந்த நேரலைக்காரர் உங்களிடம் வருவார் என்று திட்டம் போட முடியாது. படத்தைச் சரியாகச் செய்ய முடியும்.

எழுத்துக்கு வருவோம். 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமின் நிலையான அட்டைப்படங்களில் விளையாட்டின் பெயரும் துணைத்தலைப்பும் தவிர வேறு எழுத்து கூடாது. விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி எதற்கும் இடமில்லை. நல்ல விதி, பலரை அவர்களிடமிருந்தே காப்பாற்றியது. மிச்சமிருக்கும் கேள்வி பெயரைத் தமிழில் போடுவதா என்பது. ‘திரியாய் வயற்காவல்’ என்ற தலைப்பை எடுத்துக்கொண்டால், காலையும் இடைவெளியையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்தகலம் வருகிறது. 120 பிக்சலில் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது பிக்சல்தான் கிடைக்கும். புள்ளிகள் மறையும், ரியின் விசிறி பக்கத்து எழுத்தில் மோதும். ‘பரண்’ என்று மூன்றெழுத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் நான்கு மடங்கு பெருக்கும். அப்போதும் ணகரத்தின் சுழிகள் அடைபட்டு னகரமாகத் தெரியும் ஆபத்து உண்டு. கணினியில் கிடைக்கும் எழுத்துருவை அப்படியே வைக்காமல், சுழிகளை அகலத் திறந்து, புள்ளியைப் பருமனாக்கிக் கையால் வரையச் சொல்லவேண்டும். ஸ்டீமின் இடைமுக மொழிகளில் தமிழ் இல்லாததால், தமிழருக்கு மட்டும் தமிழ் அட்டையைக் காட்டும் வசதி அங்கே கிடையாது. எல்லோருக்கும் ஒரே அட்டைதான். என் கணிப்பில், பெயரை ஆங்கில எழுத்தில் பெரிதாக வைத்து, நெடும்படம் போன்ற பெரிய அளவுகளில் மட்டும் தமிழ் வடிவத்தையும் சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பெருமைக்காக எல்லா அளவிலும் தமிழை வைத்து, கடைசியில் தமிழரும் வாசிக்கமுடியாத கறையாக அது நிற்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஸ்டீம் கடையின் பின்னணி கருநீலம். இரவுக்காட்சியை ஓரம்வரை கறுப்பாக வரைந்தால் படத்தின் விளிம்பு கடைக்குள் கரைந்து, நடுவில் ஒரு வெளிச்சத் துண்டு மட்டும் மிதக்கும். பந்தத்தின் மஞ்சளையோ விடிகாலைச் சாம்பலையோ ஒரு விளிம்புவரை கொண்டுபோங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் படம் கேட்டால் செலவு மிச்சமே என்பது இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. 2024 ஜனவரியிலிருந்து அப்படிப் பயன்படுத்தியதைக் கடைப் பக்கத்தில் அறிவிக்கவேண்டும், அதைக் கண்டு விலகிப்போகும் வாங்குநரும் உண்டு. அறத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு வேலையை மட்டும் பார்த்தாலும் அது இடிக்கிறது. யானை என்று கேட்டால் நீண்ட தந்தத்தோடு, சில வேளை ஆப்பிரிக்க யானையின் பெரிய காதுகளோடு வரைந்து கொடுக்கும். இலங்கை ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை மிகச் சிறுபான்மை. வயலுக்கு வரும் யானையை இருட்டில் தலையின் இரு புடைப்பையும் முதுகின் வளைவையும் வைத்தே ஊர்க்காரர் அடையாளம் காண்பார். சிறுபடத்தில் நிழலுருவே எல்லாமும் என்பதால், நிழலுரு பொய்யானால் படம் முழுதும் பொய்தான்.

படம் வந்ததும் வீட்டாரிடமும் நண்பரிடமும் காட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உங்கள் விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம், உங்கள் வகையைச் சேர்ந்த பத்து விளையாட்டுகளின் நடுவே சிறுபடத்தை வைத்து, இதில் என்ன செய்யவேண்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். “யானையை விரட்டவேணும்” என்று வந்தால் சரி. “அழகான படம்” என்று வந்தால் திரும்பவும் தொடங்கவேண்டும். கடையைத் திறந்த பிறகு, எத்தனை பேருக்குப் படம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதை ஸ்டீம் உங்களுக்குக் காட்டும். படத்தை மாற்றி அந்த விகிதத்தை ஒப்பிடலாம். ஆனால் தள்ளுபடி வாரத்தோடு சாதாரண வாரத்தை ஒப்பிட்டு ஏமாறவேண்டாம், இரண்டிலும் வரும் கூட்டம் வேறு. கைபேசி விளையாட்டானால் வேலை சுலபம்: கூகுள் பிளேயில் இரண்டு படங்களை ஒரே சமயத்தில் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டிச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அங்கே உங்கள் முழு அட்டைப்படமும் 512 பிக்சல் சதுரத்தில் அடங்கிய ஒரு ஐகன்தான், அதில் யானைக்கும் பரணுக்கும் சேர்த்து இடம் இருக்காது.

ஓவியரோடு ஒப்பந்தம் பேசும்போதே அளவுகளின் பட்டியலை எழுத்தில் கொடுங்கள். 460-க்கு 215 விகிதத்து அகலப்படமும், அதைவிடத் தட்டையான சிறுபடமும், 600-க்கு 900 நெடும்படமும், எழுத்தே இல்லாமல் கேட்கப்படும் 3840-க்கு 1240 நூலகப் பின்னணியும் ஒரே ஓவியத்தை வெட்டி எடுத்து வருபவை அல்ல. ஒவ்வொன்றிலும் யானையும் ஆளும் இடம் மாறவேண்டும். ஆகவே யானை, பரண், ஆள், வானம், பெயர் ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கில் உள்ள மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். சுவரொட்டியாகவும் சட்டையாகவும் அச்சிட்டு விற்கும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதற்கு ஓவியருக்குத் தனியே கொடுப்பதுதான் முறை. கடைசித் தவணையை மூலக் கோப்பைத் திறந்து அடுக்குகளைப் பார்த்த பிறகு கொடுங்கள். எல்லாம் ஒரே அடுக்கில் ஒட்டிய கோப்பு வந்து சேர்ந்தால், நெடும்படத்துக்கு யானையை நகர்த்த மறுபடியும் வரையச் சொல்லி இன்னொரு கூலி கொடுக்கவேண்டியிருக்கும்.